தாடைக்கட்டு

மென்றால் காதோரம் என் தாடை சொடுக்கும், வலிக்கும். காதுவலி என்று எண்ணெய் ஊற்றியே வருடங்கள் போயின. கள்ளக்குறிச்சியில் பல் டாக்டர் என் மூக்கைப் பார்த்தார். மூக்குத்தண்டு வளைந்திருக்கிறது, வாயால் மூச்சு விடுவதால் தாடை மூட்டு நோகலாம் என்றார்.

ஒரு மதியம், வாய் திறக்காமலிருக்கத் துண்டால் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தேன். கழனியிலிருந்து வந்த அம்மா அதை அவிழ்த்து வீசினாள்.

"பொணத்துக்குக் கட்டறத உயிரோட கட்டிக்கினு கெடக்கிறியே. வாயத் தெறந்துக்கினே தூங்கு. உன் கொறட்ட கேட்டா போதும் எனக்கு."

போன தையில் அம்மா இறந்தாள். தாடைக்கட்டுத் துணியை என் கையில் கொடுத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டேன். தாடை சொடுக்கியது.

மூக்கை நான் இன்னும் சரிசெய்யவில்லை. குறட்டை விடுகிறேன். கேட்கத்தான் ஆளில்லை.