இரண்டு பேருக்கான காற்று

இது நடந்தது. நடந்த இடத்தில் நான் இருந்தேன். பேயைப் பற்றிச் சொல்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்று எனக்கும் தெரியும். நானும் அந்த வரியைப் படித்துச் சிரித்தவன்தான். நான் விழுந்து விழுந்து படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் பேய்கள் நள்ளிரவில், மெழுகுவத்தி அணைகிற நேரம் பார்த்து வரும். இது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. வெளியே கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். கடலை நேரில் பார்த்ததில்லை. நீச்சல் தெரியாது. ஆனால் வீட்டின் பின்னறையில் அவர் ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கேப்டன்.

கம்ப்யூட்டர் விளையாட்டுதான். அதை விளையாட்டு என்று சொன்னால் மட்டும் அவருக்கு மூக்கின் மேல் கோபம் வரும். நிஜம் போலவே இருக்க வேண்டும் அவருக்கு. ஜன்னல்களை அட்டை ஒட்டி அடைத்தார். ஃபேனை நிறுத்தினார். சிவப்பு பல்பு ஒன்று, மேஜைக்கடியில் எண்ணெய் நாறும் ஒரு கந்தல். கழித்துப்போட்ட லிஃப்டிலிருந்து கழற்றிய மணிதான் கப்பல் மூழ்குவதற்கான அபாய மணி. ஸ்பீக்கரைப் பழைய இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். கப்பல் ஆழத்துக்குப் போகப் போக, தண்ணீரின் பாரம் தாங்காமல் பீரோவே முனகும்.

கீபோர்டில், நேரத்தை வேகமாக ஓட்டும் பட்டனைப் பிடுங்கி அக்காவின் ஊசி டப்பாவில் போட்டுவிட்டார். ஆகவே இரண்டு மணி நேரப் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தே ஆக வேண்டும். வரைபடத்தில் கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும் புள்ளியையும் அணைத்துவிட்டார். பென்சில், ஸ்கேல், கடிகாரம். அவ்வளவுதான்.

இரண்டு விஷயங்களை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

ஒன்று, காற்று மீட்டர். மூடிய அறைக்குள் மூச்சுவிட விட, காற்று எவ்வளவு கெடுகிறது என்று காட்டும் சின்னப் பெட்டி. பச்சை, மஞ்சள், சிவப்பு. கதவிடுக்கில் ஈரத் துண்டை அடைத்துவிட்டுத்தான் மூழ்குவார். மீட்டர் சிவப்பானால் கப்பலை மேலே கொண்டுவர வேண்டும். நடுவில் யாராவது கதவைத் திறந்தால் எல்லாரும் மூழ்கிச் செத்ததாகக் கணக்கு. அவர் தனியாக இருந்தால் சிவப்பாக நாலு மணி நேரம் ஆகும். நானும் இருந்தால் இரண்டு. “ரொம்ப மூச்சு விடறடா நீ,” என்று திட்டுவார்.

இன்னொன்று, பேச்சுக் குழாய். பின்னறை மேஜையிலிருந்து பாத்ரூம் பரண் வழியாகச் சமையலறை வரை ஒரு பிளாஸ்டிக் குழாய்.

“எஞ்சின் ரூம்! ஒரு டீ!”

“எஞ்சின் ரூம்ல பால் இல்ல. கேப்டன் நீந்திப் போய் வாங்கிட்டு வரலாம்,” என்று அக்காவின் குரல் குழாயில் வரும்.

எதிரிக் கப்பல் பக்கத்தில் இருந்தால் பேசக் கூடாது. அப்போது குழாயைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால், பொறு. இரண்டு, டீ. மூன்று, மேலே வர்றேன், சாப்பாட்டுத் தட்டு எடுத்து வை.

ஒரு காலை அத்தான் பஸ் ஸ்டாப்பில் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பஸ் வந்தது. அவர் எழவில்லை.

அக்கா அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். இரண்டு மாதம் அப்படியே இருந்தாள். வீட்டைக் காலி செய்ய முடிவானபோது எல்லாவற்றையும் கட்டினாள். பின்னறையை மட்டும் தொடவில்லை. கடைசி ஞாயிறன்று என்னைக் கூப்பிட்டாள்.

“டேய், அவரு கப்பல் இப்ப எங்க இருக்கு?”

“துறைமுகத்துக்கு எட்டு மைல்ல. தண்ணிக்கு அடியில. அப்படியே சேவ் பண்ணி வெச்சிருக்காருக்கா.”

“ரெண்டு மாசமாவா?”

“ம்.”

“கரைக்குக் கொண்டாந்து விட்டுடு. நாளைக்குச் சாவி குடுக்கணும். நடுக்கடல்ல விட்டுட்டு என்னால கதவைப் பூட்ட முடியாதுடா.”

“மூழ்கிப்போச்சுன்னா சேவ் அழிஞ்சிடும். அவரே அப்படித்தான் வெச்சிருக்காரு. திரும்ப ஆட முடியாது.”

“அதான் உன்னக் கேக்கறேன். அவரு முறைப்படியே செய். ஏமாத்தினா அவருக்குப் பிடிக்காது.”

மத்தியானம் 2:10. மீட்டரைக் கூடத்து ஜன்னலோரம் வெளிக்காற்றில் காட்டி, பச்சையானதும் உள்ளே கொண்டுபோனேன். ஈரத் துண்டை அடைத்தேன். சிவப்பு பல்பைப் போட்டேன். கேப்டன் நாற்காலியில் உட்கார மனம் வரவில்லை. பக்கத்தில் என் பழைய முக்காலி. அதிலேயே உட்கார்ந்தேன்.

அவர் கடைசியாகப் போட்ட பென்சில் புள்ளியிலிருந்து கோடு இழுத்தேன். எட்டு மைல். மணிக்கு மூன்று மைல் வேகம். 4:50க்குத் துறைமுக வாசல். மேலே எதிரிக் கப்பல் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதனால் வழி முழுக்கச் சத்தமில்லாமல், தண்ணீருக்கடியிலேயே போக வேண்டும். நான் தனி ஆள். காற்று 6:10 வரை தாங்கும். தாராளம்.

பீரோ மெல்ல முனகியது. ஒரு காதில் மட்டும் மாட்டிய ஹெட்போனில் தண்ணீர்ச் சத்தம். இந்த அறையில் நான் அவரை எவ்வளவு கேலி செய்திருக்கிறேன்…

3:10. மீட்டர் மஞ்சளுக்கு மாறியது.

சீக்கிரம். மிகவும் சீக்கிரம். துண்டு நகர்ந்திருக்குமோ என்று பார்த்தேன். பிறகுதான் உறைத்தது. துண்டு நகர்ந்திருந்தால் காற்று உள்ளே வந்திருக்கும். மெதுவாகத்தானே மாற வேண்டும்?

பயத்தில் நான்தான் வேகமாக மூச்சு விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். நிதானமாக விட்டேன். எண்ணி எண்ணி விட்டேன்.

பக்கத்தில் புஸ்ஸ்… என்று ஒரு சத்தம்.

எனக்குத் தெரிந்த சத்தம். அத்தான் உட்காரும்போது அவருடைய நாற்காலி மெத்தையிலிருந்து வரும் சத்தம்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

4:10. மீட்டர் சிவப்பு.

சரியாக இரண்டு மணி நேரம். நாங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஆகும் நேரம்.

முறைப்படி இப்போது மேலே போக வேண்டும். கை பட்டனுக்குப் போனது.

டொக்.

குழாயில். ஒரே ஒரு தட்டு.

பொறு.

அக்காதான் தட்டுகிறாள் என்று நினைத்தேன். ஆனால் மீட்டர் சிவப்பானது அவளுக்கு எப்படித் தெரியும்? கை அந்தரத்தில் நின்றது. அப்போது ஹெட்போனில் கேட்டது. புரொப்பெல்லர். சக்… சக்… சக்… நேர் மேலே. மேலே போயிருந்தால் அதன் வாய்க்குள் போயிருப்பேன்.

சத்தம் கடந்து போனது.

டொக். டொக்.

இரண்டு. டீ.

வியர்வை கண்ணில் வழிந்தது. யார் யாரிடம் கேட்கிறார்கள்?

எண்ணெய்க் கந்தலின் நாற்றத்தோடு இன்னொரு வாசனை. அவருடைய வேலைச் சட்டையின் வாசனை…

நான் அழுதுகொண்டிருந்தேன். பயத்திலா என்று இன்றைக்கும் தெரியாது.

4:31.

டொக். டொக். டொக்.

என் கணக்குப்படி இன்னும் ஒரு மைல் இருந்தது. ஆனாலும் மேலே எழுப்பினேன்.

பெரிஸ்கோப்பில் துறைமுக விளக்கு. கண்ணெதிரே. நீரோட்டத்தைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தேன். என் கடிகாரத்தை நம்பி 4:50 வரை போயிருந்தால் சுவரில் மோதியிருக்கும்.

வாசலுக்குள் நுழைத்தேன். நிறுத்தினேன். எஞ்சின் அடங்கியது.

“வந்தாச்சு அத்தான்,” என்றேன். சத்தமாக. அவர் முறைப்படி, யாராவது சொல்ல வேண்டும்.

புஸ்ஸ்… என்று மெத்தை எழுந்தது.

நான் துண்டைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

அக்கா சமையலறையில் நின்றிருந்தாள். மேடையில் ஒரு டம்ளர் டீ, ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

“கதவத் திறக்காம எப்படிடா குடுக்கறது? அதான் அப்படியே வெச்சிட்டேன்,” என்றாள்.

“நான் டீ கேக்கலையேக்கா.”

“ரெண்டு தட்டினியே.”

தரையில் அத்தானின் சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைத்திருந்தது. கட்டி வைத்த பெட்டியைப் பிரித்து எடுத்திருக்கிறாள்.

“மூணு தட்டு கேட்டுது. கை தானா எடுத்து வெச்சிடுச்சு,” என்றாள்.

“நாலு மணிக்கு மேல ஒரு தட்டு தட்டினியேக்கா, நீ?”

“நான் ஏன் தட்டறேன்? நீதான் தட்டறேன்னு நெனச்சேன்.”

அக்கா பின்னறைக் கதவைப் பார்த்தாள்.

“கரைக்கு வந்துட்டாரா?”

“வந்துட்டாருக்கா.”

அவள் அந்தத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அழுதாள்.

மறுநாள் சாவி வாங்க வீட்டுக்காரர் வந்தார். பேச்சுக் குழாயைக் கழற்ற ஏணி கேட்டேன்.

“அந்தக் குழாயா? பாத்ரூம்ல ஹீட்டர் மாட்ட எடஞ்சலா இருந்துச்சுன்னு போன மாசமே வெட்டிட்டாங்க தம்பி. நடுவுல ஒரு கை நீளம் போச்சு. எலி பூந்துடும்னு வெட்டின ரெண்டு வாயிலயும் சிமென்ட் வெச்சு அடச்சிருக்கு. அக்காகிட்ட சொல்லலையா?”

ஏணியில் ஏறிப் பார்த்தேன். அடைத்துத்தான் இருந்தது. சிமென்ட்டைத் தொட்டும் பார்த்தேன். கல் மாதிரி காய்ந்திருந்தது.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

அக்கா இப்போது எங்கள் அப்பா அம்மாவோடு இருக்கிறாள். முகம் தெளிந்திருக்கிறது. சாப்பிடுகிறாள், டிவி பார்த்துச் சிரிக்கிறாள். கம்ப்யூட்டரை எனக்குக் கொடுத்துவிட்டாள். காற்று மீட்டரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

போன வாரம் அங்கே தங்கியிருந்தேன். சாப்பிட்டதும் அக்கா படுக்கப் போனாள். அவளுடைய அறை அந்தப் பின்னறையைவிடப் பெரியது. தனி ஆளுக்குக் காற்று ஐந்தாறு மணி நேரம் தாங்கும். நான் ஒரு நாவலை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரம் போயிருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தபோது அவள் கதவின் சாவித் துவாரத்தில் ஒரு புள்ளி வெளிச்சம்.

சிவப்பு.

கதவைத் தள்ளினேன். என்னவோ தடுத்தது. இன்னும் தள்ளினேன். கால் விரலில் ஈரம் பட்டது.

உள்ளே வெந்த மாதிரி புழுக்கம். தலைமாட்டில் மீட்டர். அக்கா கட்டிலின் ஓரத்தில், சுவரோடு ஒண்டிப் படுத்திருந்தாள். மீதிக் கட்டில் காலி. இன்னொரு தலையணை அங்கே இருந்தது. அதன் நடுவில் பள்ளம்.

“அக்கா, ஜன்னலத் திறக்கவா?”

அவள் திரும்பவில்லை. தூக்கத்தில் இருப்பவளின் குரல் இல்லை அது. பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிடாமல் பேசும் குரல்.

“வேணாம்டா. துண்டச் சரியா வெச்சிட்டுப் போ.”

வைத்துவிட்டு வந்தேன்.