இமெல்டாவின் ஒன்பதாவது மணித்தியாலம்

இமெல்டாவுக்கு நான் ஒரு மணித்தியாலச் சம்பளம் கடன்பட்டிருந்தேன். இருபத்தொரு டொலர். முப்பத்திரண்டு வருட மொன்றியல் வாழ்க்கையில் இந்த மரியதாசன் வைத்த கடன் அது ஒன்றுதான். அதற்கும் காரணம் நவம்பர் மாதம்.

நான் மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இங்கே துப்புரவு வேலையில் வாளியும் துடைப்பமுமாகத் தொடங்கி, இன்று பதினான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறேன். கணக்கப்பிள்ளை கிடையாது. இரவு பத்துக்கு வந்து காலை ஆறுக்குப் போனால் எட்டு மணித்தியாலம். இதற்குப் படிப்பு எதற்கு?

என் ஆட்களில் இமெல்டாவை மிஞ்ச ஒருவர் இல்லை. ஒரு கலியாண மண்டபத்தில் யாரோ கொட்டிய ஜூஸை, பட்டுச் சேலையோடு குந்தியிருந்து துடைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே வேலை கொடுத்தேன். ஆள் பிடிக்க என் கண் போதும். தனியாகப் பிள்ளை வளர்க்கிறவள். செயின்ட்-மிஷேலில் இருந்து பஸ், மெட்ரோ என்று ஏறி இறங்கி வருவாள். ஆறு வருடத்தில் ஒரு நாள் பிந்தியதில்லை.

குளிர்காலத்துக்காக இந்த நாட்டில் நவம்பரில் ஓர் இரவு கடிகாரத்தை இரண்டு மணியிலிருந்து ஒரு மணிக்குத் திருப்பி வைப்பார்கள். போன நவம்பரில் அந்தச் சனி இரவு அவளுக்கு வேலை. அடுத்த வெள்ளிக்கிழமை சம்பளத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, நேரே லாசாலில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தாள்.

“அண்ணை, சனி இரவு ஒன்பது மணித்தியாலம். எட்டுத்தான் போட்டிருக்கிறியள்.”

“பத்திலையிருந்து ஆறு எத்தினை, பிள்ளை?”

“அண்டைக்கு ஒரு மணி ரெண்டு தரம் வந்தது. ரெண்டு தரமும் நான் நிலம் துடைச்சனான்.”

“மார்ச்சிலை நேரத்தை முன்னுக்குத் தள்ளேக்கை ஒரு மணித்தியாலம் குறையுமெல்லே? அப்பவும் எட்டுக்குத் தருவன். சரிக்குச் சரி.”

“மார்ச்சிலை அந்த இரவு றெக்ஸ் அண்ணையின்ரை முறை. என்ரை காசை அவருக்கே குடுக்கப் போறியள்? அண்டைக்கு இரவு என்ரை பொடியனைப் பாத்த அனோஜினி ஒன்பதுக்கும் எண்ணி வாங்கினவ. அவனுக்கு நேரம் மாறினது தெரியுமே? அஞ்சரைக்கு எழும்புறவன் நாலரைக்கே எழும்பிக் கத்தினவனாம். ஒரு கிழமையா அவனும் படுக்கேல்லை, நானும் படுக்கேல்லை. காசு தராட்டி நாளைக்கு வேறை ஆளைப் பாருங்கோ.”

நான் அசையவில்லை. என் கணக்குப் பிழைத்ததே இல்லை.

கதவு வரை போனவள் திரும்பினாள். “ஞாயிறு காலமை கோவில் வாசலிலை குளிருக்கை நிண்டது ஆர் அண்ணை?”

நான்தான். மனைவி யோசெப்பின் லவாலில் மகள் வீட்டில் நின்றதால் நேரம் மாறியதைச் சொல்ல ஆளில்லை. முதல் சம்பளத்தில் வாங்கிய கைக்கடிகாரத்தை நம்பி தேவாலயத்தில் ஒன்பது மணிப் பூசைக்குப் போனேன். என் கடிகாரத்தில் ஒன்பது, ஊருக்கு எட்டு. கதவு பூட்டு. ஒரு மணித்தியாலம் விறைத்தேன். அந்த ஒரு மணித்தியாலத்தைக் கிழமை முழுக்கப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லித் திட்டியிருந்தேன், அவளிடமும்.

“உங்களுக்கு இருந்த மணித்தியாலம் எனக்கு மட்டும் இல்லையோ?”

பிழையைப் பிழை என்று ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு நிமிடம் போதும். படித்தவர்களுக்கு ஒரு கிழமை வேண்டும். காசு வைக்கும் மேசை லாச்சியைத் திறந்தேன்.

“எண்ணி வையுங்கோ,” என்று கையை நீட்டினாள்.

“பத்து. இருபது.” கடைசியாக ஒரு டொலர் நாணயக் குற்றியை எடுத்து, விரித்த அவளது உள்ளங்கையில், நோட்டுகளின் மேல் வைத்தேன். “இருபத்தொண்டு.”