வெள்ளைக்காரர் யாரும் விழவில்லை

கொல்லிமலையின் ஆலத்தூர் நாட்டில் நான் நர்சாக இருக்கும் துணை சுகாதார நிலையத்துக்கு, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கறுப்பினப் பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். லண்டனில் பள்ளி ஆசிரியை. பூர்வீகம் மேற்கிந்தியத் தீவு ஒன்று. சவூதியில் வேலை பார்த்த எனக்கு ஆங்கிலம் வரும் என்று யாரோ அனுப்பியிருந்தார்கள்.

அவள் அம்மாவின் தாய்மாமன் இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் படையின் போர் விமானி. கொல்லிமலைப் பள்ளத்தில் விமானம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை என்று கடிதம் வந்ததோடு சரி. அவருடைய தாய் சாகும்வரை வாசல் கதவைத் தாழிடவில்லையாம். படத்தைக் காட்டினாள். இறக்கைமேல் கைவைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். சின்ன வயசு.

பல ஊர்களில் விசாரித்து ஒரு மிளகு விவசாயியைப் பிடித்தோம். எழுபதைத் தாண்டியவர். படத்தில் கறுத்த விமானியைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தான் பிறக்கும் முன்பு, பாராசூட் சிக்கிய பலாமரத்தடியில் அந்த மனிதரைக் கண்டெடுத்தது தன் அப்பாதான் என்றார். தங்கள் காட்டிலேயே புதைத்த இடத்துக்கும் கூட்டிப்போனார். அப்போது கீழிருந்து தேடி வந்தவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“வெள்ளக்காரத் தொர ஆராச்சும் வுழுந்தாங்களான்னு போலீசு கேட்டாருங்க. எங்கய்யன் இல்லீங்கன்னுட்டாரு. வுழுந்தது நம்மளாட்டம் கறுத்த மனுசன். அவரப் பத்தி ஆரும் கேக்கலீங்களே.” பிறகு, “பயமுந்தானுங்க” என்றார்.

அப்படியே மொழிபெயர்த்தேன். அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. வலியில் துடித்தாரா என்று மட்டும் கேட்கச் சொல்லிவிட்டு, குழிமேட்டுப் பக்கம் நடந்தாள்.

கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டு நாள் உசுரோட எங்கூட்லதான் கெடந்தாருங்க. இடுப்பு ஒடிஞ்சிருச்சு. ஒரே சொல்லத் திருப்பித் திருப்பிக் கத்துனாராம். என்ன கேக்கறாருன்னு கடசிவரைக்கும் வெளங்கல. அதயும் சொல்லீருங்க.”

அந்தச் சொல்லையும் சொன்னார். இரண்டு வாய் மாறித் தேய்ந்திருந்தது, எனக்கும் பிடிபடவில்லை. பேரா, ஊரா, வீட்டில் யாரையாவது கூப்பிடும் செல்லப்பெயரா? அது புரியக்கூடிய ஒரே ஆள் இருபதடி தள்ளி மண்ணில் கைவைத்துக் குந்தியிருந்தாள்.

நான் போய், விழுந்த உடனே உயிர் போய்விட்டதாம் என்றேன். செவிலியாகப் பலரிடம் சொன்ன பொய்தான். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அன்றே மலையிறங்கிப் போய்விட்டாள். அவர் துடிக்கவில்லை என்பதே எங்களுக்கு நிம்மதி என்று கிறிஸ்துமஸ்தோறும் செய்தி அனுப்புகிறாள்.

இப்போது மதிய வேளைகளில் நிலையம் காலியாக இருக்கும்போது, அந்தச் சொல் தானாக என் நாக்கில் வந்து நிற்கிறது. ஒருமுறை வாய்விட்டே சொல்லிவிட்டேன். ஊசி போட்டுக்கொள்ள வந்தவள் என்னங்க என்று கேட்டாள். லண்டன்காரிக்கு எழுதலாமென்று போனை எடுப்பேன். ஆங்கிலத்தில் அதை எப்படி எழுதுவதென்றே தெரியாமல் வைத்துவிடுவேன்.

போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்க அந்த விவசாயி வந்தார்.

“ஏனுங்க நர்சம்மா, அந்த அம்மணிகிட்ட எல்லாத்தயும் சொல்லீட்டீங்கல்ல?”

சொல்லிவிட்டேன் என்றேன்.

“எங்கய்யன் சாகறப்பவும் அந்தச் சொல்லத்தாஞ் சொல்லிட்டுக் கெடந்தாருங்க” என்றார். மாத்திரையை மடியில் முடிந்துகொண்டு, நிம்மதியாக எழுந்து போனார்.