நடுக்கட்டத்துப் பாடகி

தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறவர் அவர். வாசலில் நின்று "மீட்டர்!" என்று ஒரு குரல் கொடுத்தால் மூன்றாம் மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருப்பவர்கூட இறங்கி வந்துவிடுவார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மீட்டரக்கா. ஊழியர் பாட்டுக் குழுவின் கடைசி வரிசையில் பதினோரு வருடமாக நிற்கிறார்.

இந்த வருடம் மேலாளருக்கு ஓர் ஆசை. ஆண்டு விழாவில் குழு மேடையேற வேண்டாம். ஆளாளுக்கு வீட்டிலிருந்து பாடி அனுப்பட்டும், எல்லோரையும் திரையில் கட்டம் கட்டமாக அடுக்கிக் காட்டலாம். குழுவை நடத்தும் பாட்டு மாஸ்டர் வழிகாட்டிப் பாட்டு ஒன்றை அனுப்பிவைத்தார். அதைக் காதில் கேட்டபடி செல்போன் முன் தனியாகப் பாட வேண்டும்.

மீட்டரக்கா முதலில், வெளிச்சம் போதுமா என்று பார்க்க, வீட்டு உடுப்பிலேயே ஒரு சரணத்தைப் பாடி மாஸ்டருக்கு அனுப்பினார். போதும் என்று பதில் வந்தது. பிறகுதான் உண்மையான வேலை. சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். மின்விசிறியை நிறுத்தினார். ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினார். எதிரொலி வராமலிருக்க, துணி அலமாரியைத் திறந்து, தொங்கும் சட்டைகளுக்கு நடுவே செல்போனை நிறுத்தினார். பன்னிரண்டாவது முறை பாடும்போது கணவர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, அந்தச் சட்டைங்களுக்கே பாட்டு மனப்பாடம் ஆயிருக்கும். சாப்பிடலாமா?"

"போச்சா! உங்க சாப்பாட்டுச் சத்தமும் சேர்ந்து பதிவாயிடுச்சு. போங்க அந்தப் பக்கம்."

பதினாறாவது முறை பாடியதை அனுப்பினார். "கிடைத்தது, நன்றி" என்றார் மாஸ்டர்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு பாட்டுக் குழுவின் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. ஐந்துக்கு ஐந்து, இருபத்தைந்து கட்டம். சரியாக நடுவில் மீட்டரக்கா. மூன்றாம் சரணத்தின் முடிவில் எல்லோரும் வாயைத் திறந்து ஒரே நீளக் குரலை இழுத்துக்கொண்டிருக்க, அவர் வாய் மட்டும் எதையோ பேசிக்கொண்டிருந்தது.

"அக்கா, என்ன மெல்றீங்க? எங்களுக்கும் கொஞ்சம் குடுங்க" என்று ஒருவர் எழுதினார். சிரிப்புப் பொம்மைகள் வரிசைகட்டி வந்தன.

அக்கா நான்கு முறை ஓட்டிப் பார்த்தார். உடம்பில் சீருடை இல்லை, வீட்டு உடுப்பு. வெளிச்சத்துக்காக அனுப்பிய அந்த ஒற்றைச் சரணத்தையே மூன்று முறை ஒட்டியிருந்தார்கள். அப்படியென்றால் குரல்? இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு தேடினார். இல்லை.

மறுநாள் மதிய இடைவேளையில் வீடியோவைத் தொகுத்தவரின் அறைக்குப் போனார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே, ஏணி மாதிரியான படி. தொகுப்பாளர் பட்டியலைத் திறந்து காட்டினார்.

"உங்க குரல் எனக்கு வரவே இல்லைக்கா. மாஸ்டர் இருபத்துநாலுதான் குடுத்தாரு. ஒரு கட்டம் காலியா நின்னா அசிங்கமா இருக்கும்னு உங்க படத்தை மட்டும் போடச் சொன்னாரு."

"அப்ப நான் ஒப்புக்குச் சப்பாணி!"

தொகுப்பாளர் அக்காவின் செல்போனிலிருந்தே பாட்டைக் கேட்டார். முழுக்கக் கேட்டார். "சுருதி சுத்தமா இருக்கு. சத்தம்தான் தூக்கலா இருக்கு, அதைக் குறைக்கறது ரெண்டு நிமிஷ வேலை. ஆனா மாஸ்டர் சொல்லணும்."

மாஸ்டரை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார்கள்.

"கோவப்படாதீங்கம்மா. கூட்டத்தோட நின்னா உங்க குரல் கலந்துடும். தனியா எடுத்தா தெருவுல யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கும்."

"கேட்டுட்டுத்தான் சொல்றீங்களா?"

"பதினோரு வருஷமா கேக்கறேனே..."

"அனுப்பினதைக் கேட்டீங்களா சார்?"

"நேரம் எங்கம்மா கிடைச்சுது..."

"பதினாறு தடவை பாடினேன். ஒரே ஒரு தடவை கேக்க உங்களுக்கு நாலு நிமிஷம் கிடைக்கல. மூஞ்சி இனிக்குது, குரல் கசக்குதோ? குரலைப் போடுங்க, இல்லேன்னா மூஞ்சிய எடுங்க!"

"சரி, எடுத்துடலாம்" என்றார் மாஸ்டர். யோசிக்கவே இல்லை. "தம்பி, அந்தக் கட்டத்துல நம்ம வாரியத்துச் சின்னத்தைப் போட்டுடுங்க."

மீட்டரக்காவின் கண்ணெதிரே அவர் முகம் போய், நீல வளையத்துக்குள் ஒரு நீர்த்துளி வந்து உட்கார்ந்தது.

விழாவில் மேலாளர் பூரித்துப்போனார். "நடுவுல நம்ம சின்னம், சுத்தி நம்ம குரல்! யாருக்குய்யா தோணும் இந்த யோசனை?" மாஸ்டர் எழுந்து நின்று கும்பிட்டார். கைதட்டல் ஓயும் முன்பே மீட்டரக்கா வெளியேறினார். விழாவுக்கு வந்திருந்த கணவர் பின்னாலேயே ஓடினார்.

"விட்டுத் தொலைம்மா. இந்தக் குழு இல்லேன்னா பொழுது போகாதா?"

"நான் ஏன் விடணும்? தப்புப் பண்ணவர் விடட்டும்."

சனிக்கிழமை ஒத்திகை, அலுவலக கேன்டீனில். மீட்டரக்கா கடைசி வரிசையில் வழக்கமான இடத்தில் போய் நின்றார். மாஸ்டர் தாள்களைப் புரட்டினார்.

"நீங்க இனிமே வரமாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நெனப்பீங்க. பாடறதுக்கு அந்தச் சின்னத்தை வரச் சொல்லியிருக்கீங்களா?"

யாரோ சிரித்து, பாதியில் நிறுத்தினார். எல்லாத் தலைகளும் திரும்பின.

"வீட்டுல தனியா நின்னு பாடினப்போ சொல்லாம கொள்ளாம என் குரலை எடுத்துட்டீங்க. இப்ப எல்லாரும் இருக்காங்க. இவங்க முன்னாடி சொல்லுங்க, போன்னு. போறேன்."

மாஸ்டர் மற்றவர்களைப் பார்த்தார். என்ன மெல்றீங்க என்று எழுதியவர் தரையைப் பார்த்தார். ஆதரவாக யாரும் வாய் திறக்கவில்லை, எதிராகவும் இல்லை. அதுவே மீட்டரக்காவுக்கு மேலும் எரிச்சல். கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

கடைசியில் மாஸ்டர் ஆர்மோனியத்தில் சுருதியை அழுத்தினார். "முதல் சரணம்" என்றார், யாரையும் பார்க்காமல்.

மீட்டரக்கா பாடினார். குரலை ஒரு நூல்கூடக் குறைக்கவில்லை.