“எங்களுக்கே” என்பதோடு நின்ற கடிதம்

டைப்ரைட்டரில் பாதி அடித்த தாள். “இப்படத்தில் உள்ள இசை முழுவதும் எங்களுக்கே” என்பது வரை அதில் இருந்தது. ‘உரியது’ என்ற சொல்லை மட்டும் அடிக்காமல், எங்கள் டைப்பிஸ்ட் அம்மா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். அறுபதுகளில், சிங்காநல்லூரில் விளம்பரப் படம் எடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் எடிட்டர். மோட்டார் பம்புக்காக எடுத்த ஆறு நிமிடப் படம் செவ்வாய்க்கிழமை பம்புக் கம்பெனிக்குக் கைமாற வேண்டும். கூடவே அந்தக் கடிதமும் போக வேண்டும். “இது பொய்யிங்க முதலாளி. என்னால அடிக்க முடியாதுங்க” என்றார் அம்மா. “அடிக்காட்டித் திங்கக்கெழம வர வேண்டாம் அம்மணி” என்று சொல்லிவிட்டு முதலாளி வெளியே போனார். மில் வேலை போய் வீட்டோடு கிடந்த கணவரும் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்த அம்மாவின் சம்பளத்தை நம்பித்தான் இருந்தார்கள்.

வம்புக்குக் காரணம் நான்தான், வேறு யார்? படத்தில் முக்கால்வாசி இசை சீமையிலிருந்து வரவழைத்த இசைத்தட்டுகளில் இருந்து எடுத்தது. ஒரு தடவை பணம் கட்டிவிட்டால் விளம்பரப் படம், செய்திப் படம் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். படத்தைக் காட்டும் ஒவ்வொரு தடவையும் தனியாகக் கட்ட வேண்டியதில்லை. அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் பாயும் இடத்துக்கு அந்த இசை எதுவும் ஒட்டவில்லை. முன்பு ஒரு தேர்த் திருவிழாச் செய்திப் படத்துக்காகப் பெருந்துறை நாதஸ்வர வித்வான் ஒருவர் வாசித்த டேப் அலமாரியில் கிடந்தது. நம் அலமாரி, நம் டேப், அப்புறம் யாரைக் கேட்பது என்று வெட்டி ஒட்டிவிட்டேன். அந்த வித்வானோடு போட்ட ஒப்பந்தத்தில் ‘இந்த ஒரு படத்துக்கு மட்டும்’ என்று இருந்தது. அதை அடித்ததே அந்த அம்மா.

எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. இத்தனை பிடிவாதமா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் சனிக்கிழமை காலை, வித்வானிடமே சம்மதம் கேட்கப் பெருந்துறைக்கு அவரோடு பஸ் ஏறினேன். மடியில் வெற்றிலை பாக்குத் தட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா என் மூஞ்சியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏனுங்க, கல்யாணத்துக்கு வெத்தல பாக்கு வெச்சுப்போட்டு, அதே கையோட பக்கத்து ஊட்டுக் காதுகுத்துக்கும் ஊதுங்கன்னா உடுவாருங்களா? டேப்புல இருந்தா மட்டும் அது அவரு மூச்சு இல்லீங்களா? சீமைக்காரன் எல்லா விசேஷத்துக்கும் சேத்து மொதல்லயே வெத்தல பாக்கு வாங்கிப்போட்டான். அதுலயும் பெரிய படத்துக்கு ஆகாதுன்னு கடைசீல எழுதீருக்குதுங்க. நீங்க எங்க படிச்சீங்க!” அந்தச் சீமை இசைத்தட்டுகளை இரண்டு வருடமாகக் கையாண்டவன் நான். கூட வந்த காகிதத்தை ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

இன்று பேரன் துடியலூர் வீட்டு மாடியில் உட்கார்ந்து வீடியோ செய்கிறான். “ராயல்டி ஃப்ரீ தாத்தா, சும்மா எடுத்துக்கலாம்” என்கிறான். சும்மா இல்லையடா, தடவைக்குத் தடவை கட்ட வேண்டாம், அவ்வளவுதான், நிபந்தனையைப் படி என்றால், படிக்காமலே கட்டத்தில் டிக் அடித்துவிட்டுச் சிரிக்கிறான். அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

அன்று பெருந்துறையில் வித்வான் வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டு விஷயத்தைக் கேட்டார். கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். “அந்த டேப்பு வேண்டாமுங்க” என்றார். “அன்னைக்குக் காய்ச்சல். ரெண்டு எடத்துல மூச்சு அறுந்துபோச்சு. அது ஊர் ஊராப் போனா எனக்குத்தானுங்க வெக்கம். நானே வந்து புதுசா வாசிச்சுத் தாரனுங்க.” நூறு தடவை அந்த டேப்பை ஓட்டியவன் நான். மூச்சு அறுந்தது என் காதுக்குத் தெரியவே இல்லை.

திங்கட்கிழமை அம்மா வேலைக்கு வந்தார், பக்கத்தில் வித்வானோடு. முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசிப்பு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கதவோரம் வந்து நின்றார். அடடா, என்ன வாசிப்பு! முடிந்ததும், “அம்மணி, பேப்பரை எடுங்க. உள்ளது உள்ளபடியே அடிங்க” என்றார். எனக்குத்தான் உயிர் வந்தது.

அம்மா கடிதத்தைத் திருத்தி அடித்துவிட்டு, வித்வானுக்கான புது ஒப்பந்தத்தையும் அடித்து எடுத்து வந்தார். வித்வான் பேனாவைத் திறந்தார். “இருங்கய்யா, படிச்சுக் காட்டறனுங்க” என்று அம்மா வரி வரியாகப் படித்தார். எந்தப் படத்துக்கு, எத்தனை வருடத்துக்கு, வேறு எதற்கும் கேட்காமல் எடுக்கக்கூடாது என்பது வரை. வித்வான் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இன்னொருக்காப் படிங்க கண்ணு” என்றார். “எத்தனையோ பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருக்கறனுங்க. ஒருத்தரும் படிச்சுக் காட்டுனதில்லீங்க.”

அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. “போன தடவ அடிச்சதும் நான்தானுங்கய்யா. நானும் படிச்சுக் காட்டலீங்களே” என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தார். முதலாளியும் நானும் நின்றுகொண்டே கேட்டோம்.