மூலை மடித்த சீட்டு

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். அஞ்ச வேண்டாம், குறுக்கு விசாரணை எனக்குத்தான்.

ஸ்ரீராம்புரத்தில் ஒரு ஞாயிறு மாலை, சொற்போர். கருமம் ஒட்டுவது செயலாலா, எண்ணத்தாலா என்பது தலைப்பு. வெல்பவர் நகர இறுதிப் போட்டிக்குச் செல்வார். அந்த இடம் எனக்கென்றே ஒதுக்கப்பட்டது என்று நம்பியிருந்தேன். நான் செயலின் கட்சி. எண்ணத்தின் கட்சியில், மாநகராட்சித் துப்புரவுப் பணியில் இருக்கும், புத்த விகாரைக்குத் தவறாமல் செல்லும் ஓர் அக்கா.

இரண்டாவதாகப் பேசுபவருக்கே மறுப்புரையின் சுகம் வாய்க்கும். அதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பது எங்கள் மன்றத்தின் வழக்கம். சீட்டு எழுதும் வேலை என்னிடம் வந்தது. ‘இரண்டு’ என்று எழுதிய சீட்டின் மூலையை, எனக்கு அடையாளமாக, சற்றே மடித்து டப்பாவில் போட்டேன்.

“பெரியவங்க முதல்ல எடுக்கட்டும்” என்றார் நடுவர். அக்கா டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து, அந்த மடித்த சீட்டையே எடுத்தார்.

வேறு வழியின்றி முதலில் முழங்கினேன். செய்த வினை பிறவிகள் கடந்தும் தேடிவரும் என்கிறது இந்து மரபு என்றேன். சமணமோ வினையை நுண்ணிய தூசியாகவே காண்கிறது. எண்ணெய் பூசிய உடலில் புழுதிபோல் அது உயிரில் படியும் என்றேன். கைதட்டல் கூரையைத் தொட்டது.

அக்கா எழுந்தார். “தம்பி சூப்பரா பேசுச்சு. ஆனா எண்ணெய் இல்லாம தூசி ஒட்டுமா? அந்த எண்ணெய்தாம்பா ஆசை. எங்க புத்தர் மனசுல நினைக்கிறதையே வினைன்னாரு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சீட்டு மூலைய நீ மடிச்சத பாத்துட்டுதான் அத எடுத்தேன். நெனச்சது நீ, எடுத்தது நான். இப்ப கருமம் யார் மேல ஒட்டுச்சு?”

“ஆளுக்குப் பாதி போடுங்கக்கா!” என்றார் பின்வரிசை ஆட்டோக்காரர். அரங்கமே குலுங்கியது.

கேள்வி நேராக என்மேல் விழுந்ததால், மறுமொழிக்கு நடுவர் எனக்கு ஒரு நிமிடம் தந்தார். மடித்ததும் செயலே, ஆகவே என் கட்சிப்படியும் குற்றம், அவர் கட்சிப்படியும் குற்றம். “ஒப்புக்கொள்கிறேன்” என்று மட்டும் சொல்லி இறங்கினேன். என் உரைகளிலேயே மிகச் சுருக்கமானது அதுதான். கைதட்டலில் மட்டும் குறைவில்லை.

வெற்றி அக்காவுக்கு. வாசலில் டீ குடிக்கும்போது கேட்டார்: “ஃபைனலுக்கு நாலு பாயின்ட் எழுதித் தரியா தம்பி?”

சுற்றி நின்ற அத்தனை பேரும் கேட்க, மேடைக் குரலிலேயே சொன்னேன்: “எழுதித் தரேன்க்கா. ஒரு மூலையும் மடிக்காம.”