மூடியில் ஒரு பள்ளம்

ரத்த மாதிரிகளை உறையவைக்கும் டேங்குகளில் திரவ நைட்ரஜன் நிரப்புவது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதே ஆய்வுக்கூடம். பனி படிந்து மூடி ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கியதால், ஒருநாள் ஆவி வெளியேற மூடியின் ஓரத்தில் கத்தியால் ஒரு பள்ளம் வெட்டினார். தேதி போட்டுப் பதிவேட்டிலும் எழுதிவைத்தார். டேங்க் செய்யும் இரண்டு நிறுவனங்களிலிருந்து சர்வீஸுக்கு வந்த மெக்கானிக்குகளும் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

பல வருடம் கழித்து, அந்தப் பள்ளம் தங்கள் கண்டுபிடிப்பு என்று அந்த இரண்டு நிறுவனங்களும் காப்புரிமைக்காகக் கோர்ட்டில் மல்லுக்கு நின்றன. பதிவேட்டோடு அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

“இத நீங்கதான் கண்டுபிடிச்சீங்கன்னு ஏன் யார்கிட்டயும் சொல்லல?” என்றார் வக்கீல்.

“மூடி ஒட்டிக்கிச்சு, வெட்டினேன். இதப் போய் யார்கிட்டங்க சொல்றது?”

பதிவேட்டில் இருந்த தேதி இரண்டு நிறுவனங்களுக்கும் முந்தியதாக இருந்ததால், இரண்டு காப்புரிமைகளும் ரத்தாயின.

“வீட்ல ஒரு கொக்கி மாட்டத் துப்பில்ல, இவரு கண்டுபிடிப்பாளராம்!” என்றாள் மனைவி.

அடுத்த மாதம் புது டேங்க் வந்தது. வழக்கு நடந்த சமயத்தில் செய்தது. வம்பு எதற்கென்று நிறுவனம் மூடியில் பள்ளமே வைக்கவில்லை. இரண்டாம் நாளே மூடி ஒட்டிக்கொண்டது. அவர் கத்தியை எடுத்து வெட்டினார்.

இந்த முறை பதிவேட்டில் எழுதவில்லை.